எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கிற ஏரியாவா, இல்லாத ஏரியாவா? டாலஸ் பக்கம் வீடு வாங்குகிறோம், கொஞ்சம் சொல்லுங்கள்

செலினா_சிந்தனை

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் வாடகையில் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு பார்க்கிறோம். சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று செலினாவில் புது வீடு. நீச்சல் குளம், ஜிம், நடைபாதை, ஏரியில் வாத்து எல்லாம் உண்டு. எச்.ஓ.ஏ. கட்டணம் மாதக் கணக்கில் பார்த்தால் 125 டாலர். மற்றது பிளேனோவில் எண்பதுகளில் கட்டிய வீடு. எச்.ஓ.ஏ. கிடையாது. வாசலில் பெரிய ஓக் மரம். ஆனால் கூரை, ஏசி, ஃபென்ஸ் எல்லாமே இன்றோ நாளையோ என்றிருக்கின்றன.

அவருக்குச் செலினா, எனக்குப் பிளேனோ. என் மாமியார் வருடத்தில் பாதி எங்களோடுதான் இருப்பார். துணியை வெயிலில் காயப்போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. வாசலில் கோலம் வேண்டும். பின்பக்கம் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். இதற்கெல்லாம் எச்.ஓ.ஏ.காரர்கள் லெட்டர் போடுவார்களாமே? அனுபவப்பட்டவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

ஃபிரிஸ்கோ_வெயில்

கண்ணை மூடிக்கொண்டு பிளேனோவுக்குப் போங்கள்.

எங்கள் தெருவில் எச்.ஓ.ஏ. அமர்த்திய மேனேஜ்மென்ட் கம்பெனியின் கார் ஒன்று அவ்வப்போது ஊர்ந்துகொண்டே போகும். கண்ணாடி இறங்கும், ஒரு கை போனை நீட்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தபாலில் வயலேஷன் லெட்டர், அதாவது விதியை மீறினீர்கள் என்று கடிதம். எங்களுக்கு முதலில் வந்தது குப்பைத் தொட்டிக்கு. வண்டி வந்து குப்பையைக் கொட்டிக்கொண்டு போன அன்றே எடுத்த போட்டோ. தொட்டியின் மூடிகூட இன்னும் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது! அடுத்தது ஃபென்ஸ் நிறம். நாங்கள் அடித்தது ஒரு பழுப்பு, அவர்கள் பட்டியலில் இருப்பது வேறு பழுப்பு. இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்தால் பெயின்ட் கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. திரும்ப அடிக்க வைத்தார்கள்.

கடன் கட்டுவது நான், வரி கட்டுவது நான், என் வேலிக்கு என்ன நிறம் என்று முடிவு செய்வது மட்டும் யாரோ.

ஹூஸ்டன்_ராமு

ஃபிரிஸ்கோ நண்பர் ஒரு நடை எங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். ஹூஸ்டனில் எங்கே வீடு, எங்கே கடை என்று பிரிக்கும் ஜோனிங் சட்டமே கிடையாது. அமெரிக்காவில் இவ்வளவு பெரிய நகரம் ஜோனிங் இல்லாமல் இருப்பது இங்கே மட்டும்தான். பக்கத்து மனையில் டயர் கடை போட்டாலும் "இது குடியிருப்புப் பகுதி" என்று சொல்லி நகராட்சி தடுக்க வழியில்லை. மனையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பத்திரத்தில் கட்டுப்படுத்தும் டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்தான் ஒரே காவல். அதை மீறினால் ஹூஸ்டன் நகரத்தின் சட்டத்துறையே வழக்குப் போடும் அளவுக்கு இங்கே அதற்கு மதிப்பு.

நாங்கள் முதலில் இருந்தது நகர எல்லைக்கு வெளியே, எச்.ஓ.ஏ. செயலற்றுப் போன ஓர் இடம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் பின்பக்கம் கார் ரிப்பேர் கடை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இம்பாக்ட் ரெஞ்ச் சத்தம், புல்தரையில் இன்ஜின் ஆயில், தெரு முழுக்கப் பாதி பிரித்த கார்கள். கவுன்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) கேட்டால், டெக்சாஸில் கவுன்டிகளுக்குப் பெரும்பாலும் ஜோனிங் அதிகாரமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டை விற்கும்போது பார்க்க வந்தவர்கள் காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். இப்போது எச்.ஓ.ஏ. உள்ள இடத்தில் இருக்கிறோம். எரிச்சல் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன்.

ஃபிரிஸ்கோ_வெயில்

ராமு சார், அது ஹூஸ்டன் கதை. பிளேனோ, ஃபிரிஸ்கோ எல்லாவற்றிலும் ஜோனிங் உண்டு, நகர விதிகளை மீறினால் கேட்கும் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவும் உண்டு. டாலஸ் நகரத்தில் புல் 12 அங்குலத்தைத் தாண்டினால் நகராட்சியே நோட்டீஸ் ஒட்டும். அந்த அளவு கண்காணிப்பு போதாதா?

பத்திரம்_படிப்பவர்

கேள்வி டெக்சாஸ் பற்றி என்பதால் டெக்சாஸ் சட்டத்தையே சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. வீடு வாங்கும் எல்லோரையும் இதைப் படிக்கச் சொல்லித் தொல்லை கொடுப்பவன், அவ்வளவுதான். பிராப்பர்ட்டி கோட் என்ற சொத்துச் சட்டத் தொகுப்பில் 202, 209 என்ற இரண்டு அத்தியாயங்கள்தான் முக்கியம்.

முதலில் பயப்பட வேண்டிய விஷயம். எச்.ஓ.ஏ. கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு மிகப் பலமானது. கிரெடிட் கார்டு கடன்காரன் உங்கள் வீட்டைத் தொட முடியாது. ஆனால் எச்.ஓ.ஏ. தொடலாம் என்று டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் 1987-இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே அந்த நிபந்தனை நிலத்தின் மேல் ஏறிவிட்டது என்பது அதன் வாதம்.

பிறகு வந்த சட்டங்கள் கொஞ்சம் கடிவாளம் போட்டன. கோர்ட் உத்தரவு இல்லாமல் ஏலம் விட முடியாது. பாக்கி வெறும் அபராதமும் அந்த அபராதத்துக்கான வக்கீல் செலவும்தான் என்றால் ஏலமே கூடாது. ஏலம் போனாலும் சங்கம் நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 180 நாளுக்குள் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். அபராதம் போடுவதற்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், சரிசெய்ய அவகாசம் தர வேண்டும், 30 நாளுக்குள் கேட்டால் சங்கத்தின் போர்டு (நிர்வாகக் குழு) முன்னால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஃபிரிஸ்கோ நண்பர் அந்த ஃபென்ஸ் லெட்டருக்கு ஹியரிங் கேட்டாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று, பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டு வரியும் இன்சூரன்ஸும் பெரும்பாலும் மாதத் தவணையோடு வங்கி சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கு வழியாகத் தானாகப் போய்விடும். எச்.ஓ.ஏ. கட்டணம் வழக்கமாக அதில் சேராது. பில் பழைய முகவரிக்குப் போகும், நீங்கள் மறப்பீர்கள், லேட் ஃபீ ஏறும், பிறகு வக்கீல் கடிதம் வரும். 200 டாலர் பாக்கி எப்போது 2,000 ஆனது என்றே தெரியாது.

கோலத்துக்கு வருகிறேன். 2021-இல் 202ஆம் அத்தியாயத்தில் திருத்தம் வந்தது. உங்கள் மதநம்பிக்கை காரணமாக உங்கள் வீட்டிலோ மனையிலோ வைக்கும் அடையாளங்களை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது. அதற்கு முன்பு வாசற்கதவில் 25 சதுர அங்குலத்துக்குள் என்று அளவுக் கணக்கு இருந்தது! பாதுகாப்புக்கு ஆபத்து, பொது இடத்தில் வைப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மாவுக் கோலத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டிரைவ்வேயில் பெயின்ட் அடித்து நிரந்தரமாகப் போடுவதானால் மட்டும் ஏ.ஆர்.சி. என்ற ஆர்க்கிடெக்சர் கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி, உரக்குழி இவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது. எங்கே, எப்படி வைக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். துணி காயப்போடுவதற்கு அப்படி வெளிப்படையான பாதுகாப்பு இங்கே இல்லை. அந்த ஏரியாவின் பத்திர நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

முருங்கைக்கு எச்.ஓ.ஏ. வேண்டாம், டாலஸ் ஜனவரியே போதும். தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் கராஜுக்குள் இழுத்துவிடச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்_மாமி

நான் இருப்பது கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட் பக்கம் டவுன்ஹவுஸ். கேள்வி கேட்ட பெண்ணுக்கு நேரே உதவாது, இருந்தாலும் துணி என்றதும் வந்துவிட்டேன். இங்கே 2015-இல் சட்டமே போட்டார்கள். உன் சொந்தப் பின்கட்டில் கொடி கட்டித் துணி காயப்போடுவதை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது. ஆனால் பால்கனிக் கம்பி கொடி ஆகாது என்று அதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இருப்பது பால்கனி மட்டும்தான்.

அறிவிக்கப்பட்ட வறட்சிக் காலத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை என்று இங்கே அபராதம் போட முடியாது. 2025 ஜூலையிலிருந்து ஒரு விதிமீறலுக்கு 100 டாலருக்கு மேல் அபராதமும் கூடாது, யாருடைய உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. எங்கள் போர்டில் இரண்டு பேருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா, மாமியாருக்கு வெயில் வேண்டும் என்றால் ஃபென்ஸ் உயரத்துக்குக் கீழே நிற்கிற மடக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக் கொடு. தெருவிலிருந்து தெரியாததற்கு எந்த எச்.ஓ.ஏ.வும் மெனக்கெட்டு வராது.

திண்ணை_பேச்சு

எல்லோரும் நிறத்தையும் புல்லையும் பேசுகிறீர்கள். இந்தப் பத்திர நிபந்தனைகள் ஒரு காலத்தில் எதற்குப் பயன்பட்டன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் போடப்பட்ட பல பத்திரங்களில் கறுப்பின மக்களுக்கு விற்கக் கூடாது என்று இருந்தது. சியாட்டில் போன்ற ஊர்களில் ஆசியர்களுக்கும் கூடாது என்று எழுதினார்கள். 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், அப்படிப்பட்ட நிபந்தனையை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 1968-இல் ஃபேர் ஹவுசிங் சட்டம் அதை முழுக்கச் சட்டவிரோதமாக்கியது. பழைய வீடு வாங்கினால் சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தரும் ஆவணங்களில் அந்த வரிகள் இன்னும் கண்ணில் படலாம்.

ஹூஸ்டன்_ராமு

திண்ணையாரே, உண்மைதான், ஆனால் அவர் கேட்டது கறிவேப்பிலைக்கு.

திண்ணை_பேச்சு

கறிவேப்பிலைக்கும் அதே காகிதம்தான் சார்.

டாம்பா_தாமு

நிறம், புல், குப்பைத் தொட்டி எல்லாம் எரிச்சல். பணம்தான் ஆபத்து. யாரும் அதைப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2021 ஜூன் 24, மயாமி பக்கம் சர்ஃப்சைடில் சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடம் நடுராத்திரியில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். 1981-இல் கட்டியது. 2018-லேயே ஓர் இன்ஜினியர் நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட் பெரிய அளவில் கெட்டுப்போயிருப்பதாக அறிக்கை கொடுத்திருந்தார். பெரிய பழுதுக்கென்று சங்கம் சேர்த்து வைக்கும் ரிசர்வில் அந்த வேலைக்குத் தேவையான பணம் இல்லை. உரிமையாளர்களுக்குள் இழுபறி. ஒருவழியாக 2021 ஏப்ரலில் சுமார் 1.5 கோடி டாலருக்கு ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது எல்லா உரிமையாளர்களும் பங்கு போட்டுக் கட்ட வேண்டிய சிறப்புக் கட்டணம், போட்டார்கள். சின்ன வீட்டுக்கே 80,000 டாலர், மேல்மாடிப் பெரிய வீட்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல். ஜூலை 1 முதல் கட்ட வேண்டும் என்றிருந்தது.

அதன் பிறகு ஃபுளோரிடாவில் மூன்று மாடி, அதற்கு மேல் உள்ள கான்டோக்களுக்கு (சொந்த வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளுக்கு)க் கட்டாயச் சோதனை வந்தது. கட்டடத்தின் முக்கியப் பாகங்களுக்கு ரிசர்வில் பணம் சேர்த்தே ஆக வேண்டும், ஓட்டுப் போட்டு அடியோடு தவிர்க்க முடியாது என்றும் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் பல பழைய கட்டடங்களில் மாதக் கட்டணம் எகிறி, ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் விற்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிறார்கள். "எங்கள் எச்.ஓ.ஏ. ரொம்பக் கம்மி" என்று ரியல்டர் (வீட்டுத் தரகர்) பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஃபிரிஸ்கோ_வெயில்

தாமு, அது கான்டோ. செலினாவில் தனி வீடு. கூரை அவரவருடையது. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

டாம்பா_தாமு

தலைமேல் இடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், ஏரியின் பம்பு, சுற்றுச்சுவர், கேட் போட்ட ஏரியாவாக இருந்தால் தெருவின் கான்கிரீட், இவையெல்லாம் யாருடையவை? அந்தச் சுவர் புதிதாக இருக்கும்போது எல்லாக் கணக்கும் அழகாகத்தான் இருக்கும்.

போர்டு_பழனி

இத்தனை பேர் திட்டுகிற அந்தப் போர்டில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது. ஆண்டுக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய அளவு ஆள் (கோரம்) சேராது. வர முடியாதவர்களின் ஓட்டுரிமைக் கடிதம் (பிராக்சி) கேட்டு வீடு வீடாகப் போனால் கதவு திறக்காது. ஆனால் கட்டணம் 40 டாலர் ஏறிய மாதம் மட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் நள்ளிரவு வரை சண்டை.

தாமு சொன்னதில் செலினாவுக்குப் பொருந்தும் பகுதி ஒன்று இருக்கிறது. புது ஏரியாவில் முதல் சில வருடம் போர்டு என்பது டெவலப்பரின் ஆட்கள்தான். அவர்களுக்கு வீடு விற்க வேண்டும், அதனால் கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவார்கள். பற்றாக்குறையைத் தங்கள் கையிலிருந்து போட்டு ஓட்டுவதும் உண்டு. டெக்சாஸில் 75 சதவீத மனைகள் விற்ற பிறகு 120 நாளுக்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். முழுக்கக் கைமாறிய பிறகுதான் உண்மையான செலவு தெரியும். எங்களுக்குக் கைமாறியபோது பெரிய செலவு எது தெரியுமா? பூங்கா இல்லை, குளம் இல்லை. புல்வெட்டும் கான்ட்ராக்டும் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பில்லும். வாத்து இருக்கிற ஏரி சும்மா அழகுக்கு மட்டும் இல்லை, பல இடங்களில் அது மழைவெள்ளம் தேக்கும் குட்டை. அதைத் தூர்வாருவது நம் தலையில்.

லெட்டர் விஷயம்: எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரர்கள் அனுப்புவது. அதிலும் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கொலுவுக்கு வந்த கார்கள் தெருவை அடைத்தன என்று புகார் கொடுத்தவரே ஒரு தமிழர்தான்.

ஃபிரிஸ்கோ_வெயில்

பழனி அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தக் காரில் வருபவர் போர்டு ஆள் இல்லையே. லெட்டருக்கு இவ்வளவு என்று மேனேஜ்மென்ட் கம்பெனிக்குக் காசு போகிறதா, இல்லையா?

போர்டு_பழனி

சில கான்ட்ராக்டில் அப்படி இருக்கிறது. எங்களுடையதில் இருந்தது, நான் வந்ததும் எடுக்க வைத்தேன். நீங்களும் கான்ட்ராக்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சங்கத்தின் கணக்கையும் ஆவணங்களையும் பார்க்க உறுப்பினருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. கேட்பவர்தான் இல்லை.

செலினா_சிந்தனை

அப்பாடா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்க வைத்தேன். 125 டாலர் பெரிய விஷயமே இல்லை என்றார். அப்படித்தானா? அப்புறம், கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள், வாங்குவதற்கு முன்பே அது எங்கே கிடைக்கும்?

பத்திரம்_படிப்பவர்

கடன் தகுதி பார்க்கும்போது வங்கி அந்த 125-ஐயும் உங்கள் மாதக் கடமையில் சேர்க்கும். 6.5 சதவீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் அது ஏறக்குறைய 20,000 டாலர் அசலுக்கான தவணை. குடியிருக்கும் வீட்டுக்கு இதற்கு வருமான வரிக் கழிவும் கிடையாது. செலினா பக்கம் புது ஏரியா என்றால் தண்ணீர், சாக்கடை, சாலை போன்ற வசதிகளுக்காக வசூலிக்கும் எம்.யூ.டி. வரியோ பி.ஐ.டி. கட்டணமோ தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது எச்.ஓ.ஏ.வை விடப் பெரிய தொகையாக இருப்பது சகஜம். மறுபக்கம் பிளேனோவில் கூரையும் ஏசியும். ஆலங்கட்டி மழை பெய்கிற ஊர். அந்தச் செலவையும் காகிதத்தில் எழுதிவிட்டு அவரோடு பேசுங்கள்.

ஆவணத்துக்கு, சங்கத்தின் கட்டணம், கணக்கு விவரங்களைச் சொல்லும் ரீசேல் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள். அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2021-இல் உச்சவரம்பு வைத்தார்கள். மேனேஜ்மென்ட் கம்பெனி யார், கட்டண விவரம் என்ன என்பதெல்லாம் டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் நடத்தும் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கும். ஒப்பந்தத்தோடு சேர்த்து எச்.ஓ.ஏ.வுக்கு என்று ஒரு தனி இணைப்புப் படிவம் போடச் சொல்லுங்கள். ஆவணங்கள் கைக்கு வந்து 3 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளும் உரிமையை அதில் எழுதிக்கொள்ளலாம். புது வீட்டுக்குப் பில்டர் தன் சொந்த ஒப்பந்தத்தை நீட்டுவார், அதில் இது இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

கையில் வந்ததும் முதலில் ரிசர்வ் தொகை, அடுத்து நிலுவையில் உள்ள வழக்குகள், அடுத்து பட்ஜெட்டில் டெவலப்பர் மானியம் என்று ஏதாவது வரி. ஃபென்ஸ் நிறமெல்லாம் கடைசியில்.

சியாட்டில்_போகிறேன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு ஆஸ்டின் பக்கம் டவுன்ஹவுஸ் இருக்கிறது. வேலை சியாட்டிலுக்கு மாறுகிறது, வீட்டை வாடகைக்கு விட நினைத்தோம். மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு விடலாம், இப்போது நிரம்பிவிட்டது, காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள் என்கிறது எச்.ஓ.ஏ. இரண்டு இடத்திலும் பணம் கட்ட முடியாது. இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

பத்திரம்_படிப்பவர்

நீங்கள் வாங்கும்போதே பதிவான நிபந்தனையில் அந்த வரம்பு இருந்தால் பெரும்பாலும் செல்லும். பிறகு சேர்த்தது என்றால் உறுப்பினர் ஓட்டெடுப்பில் வந்ததா என்று பாருங்கள். பத்திரத்திலேயே குறைவாகச் சொல்லியிருந்தால் தவிர, 209-இன் கீழ் மொத்த ஓட்டில் 67 சதவீதம் வேண்டும். போர்டு தானாகக் கூடி விதி என்று போட்டிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. உங்களுடையது சட்டப்படி கான்டோவாகப் பதிவாகியிருந்தால் வேறு சட்டம், பார்த்துச் சொல்லுங்கள்.

போர்டு_பழனி

அதோடு, ஹார்ட்ஷிப் விலக்கு என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். வேலை மாற்றம், ராணுவப் பணி, குடும்பத்தில் நோய் இவற்றுக்குப் பல இடங்களில் விலக்கு எழுதியிருப்பார்கள். ஆபீஸ் கொடுத்த டிரான்ஸ்ஃபர் கடிதத்தை இணைத்து, போனில் பேசாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அடுத்த போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்றும் அதிலேயே கேளுங்கள். எங்கள் ஏரியாவில் ஒருவர் அப்படிக் கேட்டபோதுதான் முன்னால் இருந்த மூன்று பேரும் வீட்டை விற்றுவிட்டுப் போய் நாளாகிவிட்டது என்று தெரியவந்தது.